பெரிய ட்ரூப் வரும் வரைக்கும்

எங்கள் குழுவுக்கு ஒரு பெயர் உண்டு. எந்த மேடையிலும் எந்த அறிவிப்பாளரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. இங்கே நான் மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது. மொத்தம் மூன்று பேர். கீபோர்டு நான். பாட்டு என் சித்தப்பா மகள். ரிதம் பேடு அவள் புருஷன். குட்டியானை வண்டியில் எல்லாச் சாமானையும் ஏற்றி நாங்களும் ஏறிக்கொண்டால் இன்னும் ரெண்டு ஆடு ஏற்ற இடமிருக்கும். இருந்தாலும் ஆடி மாதம் பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சியைச் சுற்றி எங்களைக் கூப்பிடாத ஊர் கம்மி. கச்சேரி செய்யக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய ட்ரூப் வந்து இறங்கி, டீ குடித்து, பவுடர் போட்டு, மேடை ஏறும் வரைக்கும் மேடை காலியாகக் கிடக்கக் கூடாது. அதற்குத்தான் நாங்கள்.

அந்த நேரத்தில் பாடுகிறவனைப் பாடகன் என்று யாரும் நினைப்பதில்லை. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தவன் என்று நினைக்கிறார்கள். பல்லவி முடிவதற்குள் விழாக் கமிட்டி ஆள் ஒருத்தர் மேடையேறி, ஒரு வார்த்தை கேட்காமல் மைக்கை வாங்கிக்கொள்வார். வழியில் நிற்கிற டிராக்டரை எடுக்கச் சொல்வார். சமையல்கார ஐயா எங்கிருந்தாலும் உடனே கோயிலுக்குப் பின்புறம் வரவும் என்பார். பிறகு ஊர்ப் பெரிய மனுஷர்கள் பெயரை, அவரவர் பட்டத்தோடு, ஒருத்தர் விடாமல் வாசிப்பார். அத்தனை நேரமும் நான் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லாம் முடிந்ததும் மைக்கை நீட்டி, "ம், பாடு" என்பார். ஏர் மாட்டை ஓட்டுகிறவன்கூட அதைவிட மரியாதையாகச் சொல்வான்.

பகலில் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறேன். தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் சொந்த நிலம் கிடையாது, கூலி வேலை. கரும்பு வெட்டு, மரவள்ளி பிடுங்குவது, தை மாசியில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின். அந்த மெஷின் கிளப்புகிற தூசுதான் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இழுப்பு. ஊதுகிற மருந்தை எந்நேரமும் இடுப்பில் செருகி வைத்திருப்பாள். அவள் குரலைப் பற்றி நான் புகழ்ந்து எழுதப் போவதில்லை. புகழ்வதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களை மேடைக்கு மேடை பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பீடி பற்றவைக்கப் போனவன், அவள் ஆரம்பித்தால், தீக்குச்சி விரலைச் சுடும் வரை நிற்பான். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூச்சு முட்டும்போது அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து முந்தானையைக் கிள்ளிப் பிடித்துக்கொள்வாள். ஜனங்களுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும். நான் இடையிசையை இன்னொரு சுற்று ஓட்டுவேன், மாப்பிள்ளை பேடில் உருட்டுவார். அவள் கை முந்தானையை விட்டதும் சரணத்துக்குள் போவோம். சில நாள் ஒரு சுற்று போதும், சில நாள் மூன்று நாலு வேண்டும். கேட்கிறவர்கள் அதை எங்கள் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். மற்றக் குழுக்காரர்கள், "உங்க இடையிசை இன்னாப்பா ரேஷன் கடை க்யூ மாதிரி நீளுது" என்று கேலி செய்தார்கள். நாங்கள் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

அந்த ஆடியில் எங்களைச் சேர்த்துக்கொண்டது சேலம் பக்கத்து ட்ரூப். ஓனர் வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. கோயில் வாசலில் சேறு இருக்கும் என்கிற சின்ன விஷயம்கூடத் தெரியாமல் இத்தனை வருஷம் திருவிழா கச்சேரி நடத்தியிருக்கிறார். பார்க்கிறவர்களையெல்லாம் 'தம்பி' என்பார். அவரைவிட மூத்த கமிட்டித் தலைவரையும் ஒரு தடவை தம்பி என்று கூப்பிட்டு முறைப்பு வாங்கிக்கொண்டார். அவருடைய ட்ரூப்பில் நாலு கீபோர்டு, ரெண்டு கிடார், ஒரு முழு டிரம்ஸ் செட். பார்த்தால் மிரண்டு போவீர்கள். நானும் முதல் நாள் மிரண்டேன். அப்புறம்தான் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பாட்டு முழுக்க ஒரு லேப்டாப்பிலிருந்து வருகிறது. அதற்கு 'ட்ராக்' என்று பெயர். கிடார்காரருக்கு ஒயரே சொருகவில்லை. கீபோர்டு பையன் ஒரு கையால் வாசிக்கிற மாதிரி அசைத்துக்கொண்டு மறு கையால் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். ஜனங்கள் விசிலடித்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஓனர் எங்களுக்குச் சட்டம் போட்டார். புதுப் பாட்டு பாடக் கூடாது, அது ட்ரூப்புக்கு. குத்துப் பாட்டு கூடாது, அதுவும் ட்ரூப்புக்கு. அம்மன் பாட்டு கூடவே கூடாது. பாடினால் யாராவது ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிடும். வேப்பிலை, கற்பூரம், குறி என்று நேரம் ஓடும். பத்து மணிக்குப் போலீஸ் வந்து நிறுத்திவிடும். அவருடைய புரோகிராம் பாதியில் நிற்கும். ஆடி மாதம், மாரியம்மன் கோயில் வாசல், அம்மன் பாட்டுக்குத் தடை. இந்த அறிவுக்குத்தான் வெள்ளை ஷூ.

ரிஷிவந்தியம் பக்கத்து ஊரில் முதல் கச்சேரி. நல்ல பிள்ளைகளாகப் பிள்ளையார் பாட்டு ஆரம்பித்தோம். ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் தங்கச்சி முந்தானையைப் பிடித்தாள். நான் இடையிசையைச் சுற்றினேன். மாப்பிள்ளைக்கு உலகத்தில் ரெண்டே கவலை: பேடு நனையக் கூடாது, சோறு ஆறக் கூடாது. மூன்றாவதாக ஒரு விஷயத்தை யோசிக்க அவருக்கு இடமில்லை. பழக்க தோஷத்தில் பேடை அம்மன் கோயில் பம்பைச் சத்தத்துக்குத் திருப்பி உருட்ட ஆரம்பித்தார். ரெண்டாவது சுற்றிலேயே முன்வரிசையில் ஒரு அம்மா தலையை அவிழ்த்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிள்ளையார் பாட்டுக்கு மாரியம்மன் வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நிறுத்தினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று கமிட்டிக்காரர்கள் நிறுத்தவும் விடவில்லை. மாப்பிள்ளை வேர்த்து வழிய உருட்டினார், சாமி ஊரிலிருந்த பழைய சண்டை ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மலையேறியது. ஓனர் புரோகிராம் நாலு பாட்டோடு முடிந்தது.

"தம்பி, இனி உருட்டினா வண்டியிலேருந்து இறக்கி விட்ருவேன்" என்றார் ஓனர்.

"சாமி வந்ததுக்கு நான் இன்னாங்க பண்றது" என்றார் மாப்பிள்ளை. அவர் அந்த வாரம் முழுக்கப் பேசிய நீளமான வாக்கியம் அது. மறுநாளிலிருந்து உருட்டுவதை விட்டுவிட்டு மிருதங்கச் சத்தத்தில் மெதுவாகத் தட்டினார். சாமிகள் அமைதியாக இருந்தார்கள்.

திருக்கோவிலூரில் மழை. மேடைக்கு மேலே பந்தல் என்று ஒரு துணி கட்டியிருந்தார்கள். அது வெயிலையே தாங்காது. மழை இறங்கியதும் ட்ரூப் ஆட்கள் எங்கள் படுதாவை உருவிக்கொண்டு போய் லேப்டாப் மேலும் சவுண்டு மிக்சர் மேலும் போர்த்தினார்கள். எங்களைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை பேடின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். என் கீபோர்டு நனைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த சலூனுக்குள் ஓடினேன். சலூன்காரர் நல்ல மனுஷன், முடி காயவைக்கிற மெஷினைக் கையில் கொடுத்து, "மெதுவா காட்டுங்க, ஜாஸ்தி சூடு வெச்சா உருகிடும்" என்றார். திருகாணியைக் கழற்றி உள்ளே காற்றுக் காட்டினேன். செல்போன் ரிப்பேர் தொழில் அன்றைக்கு ஒரு நாள் சங்கீதத்துக்கு உதவியது.

காய்ந்த பிறகு எந்தக் கட்டை உயிரோடு இருக்கிறது, எது செத்துப் போனது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். தங்கச்சி பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டே, நான் அழுத்துகிற ஸ்வரத்தையெல்லாம் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். ஸ்வரங்கள் சேர்ந்து எப்படியோ ஒரு பழைய பாட்டாக ஆகிவிட்டது. அவள் அதை முழுசாகப் பாட ஆரம்பித்தாள். வெளியே மழை, மைக் இல்லை, கமிட்டி இல்லை. ஒரே ஒரு கட்டைதான் செத்திருந்தது. அதைச் சுற்றிப் போக எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டுப் பிழைத்துவிட்டோம் என்று நான் நிமிர்ந்தபோது, சலூன் நாற்காலி ஒன்று திரும்பியது. அதில் ஓனர். கன்னம் முழுக்க நுரை. மீசையைச் சரிசெய்துகொள்ள எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"தம்பி, இந்தப் பொண்ணு நம்மகிட்ட இத்தனை நாளா இருக்குதா" என்று அவர் என்னிடம் கேட்டார். ஊர் ஊராக அவருக்கு முன்னால் பாடிக்கொண்டுதான் இருந்தாள். அந்த நேரமெல்லாம் அவர் வேனில் ஏசி போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அவருடைய ட்ரூப்பில் முக்கியப் பாடகி போன வாரம்தான் வேறு ட்ரூப்புக்குப் போய்விட்டிருந்தார். காரணம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இருக்கிற இன்னொரு பெண்ணுக்கு மேல் ஸ்தாயி எட்டாது. அடுத்த கச்சேரி கல்வராயன் மலையில். அங்கே ட்ரூப்போடு சேர்ந்து தங்கச்சி ஒரு பாட்டு பாட வேண்டும். சரியாக வந்தால் அன்றிலிருந்து ட்ரூப்பிலேயே இருந்துகொள்ளலாம், வருஷம் பூரா புரோகிராம் உண்டு. மாப்பிள்ளையை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "பேடுக்கு ஆள் இருக்குது" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் என் வாயைத் திறந்தேன். அது திறந்தால் சீக்கிரம் மூடாது. அது ட்ரூப்பே இல்லை, ஒரு லேப்டாப்புக்குப் பத்துப் பேர் வேஷம் கட்டி நிற்கிறார்கள் என்றேன். அங்கே பாடுவது பாட்டு இல்லை, ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வது என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"பாப்பா, அந்த ட்ராக்கு உனக்காக நிக்காது. நீ முந்தானய புடிச்சா யாரு பாக்கப்போறான் அங்க?"

"நிக்க வேணாண்ணா. நான் ஓடிக்கிறேன்."

"ஓடறதுக்கு மூச்சு வேணும்ல."

அவள் பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, "வர்ற தை மாசம் அந்த மெஷினுகிட்ட நான் போவக் கூடாதுண்ணா. டாக்டரு சொல்லிட்டாரு, இன்னொரு வருஷம் அந்தத் தூசு தின்னா வூட்டோட கெடக்க வேண்டியதுதான்னு. வேற வேல இன்னா கீது சொல்லு. இது ஒண்ணுதான் வந்துக்கீது" என்றாள்.

மாப்பிள்ளை எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். அவள் போனால் எங்கள் குழு அவ்வளவுதான் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. நான் ட்ரூப்பைத் திட்டியதில் பாதி அந்தப் பயம்தான். மீதிப் பாதி நிஜம். அதை இப்போதும் வாபஸ் வாங்க மாட்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது குட்டியானை ரெண்டு வளைவுக்கு ஒரு தடவை மூச்சு விட்டது. நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பேன், மாப்பிள்ளை தண்ணீர் ஊற்றுவார், மறுபடி ஏறுவோம். ட்ரூப் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. ஓனர் ஜன்னலில் கையாட்டினார். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று தோன்றியது. மேலே ஏற ஏறக் குளிர். தங்கச்சி துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து ட்ரூப்போடு பாட வேண்டிய பாட்டையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர். நாங்கள் போய்ச் சேரும்போதே ஜனங்கள் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். சட்டை மேலே ஸ்வெட்டர், தலையில் துண்டு. மலைக்குக் கீழே ஆள் சேர்ப்பதற்கே எங்களைப் பாடவிடுவார்கள். இங்கே ஆள் எங்களுக்காகக் காத்திருந்தது. ஊர்ப் பெரியவர் வந்து, "பாட்டு பாடுங்க. பேச்சு வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது. எங்கள் நேரத்தில் யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை. தங்கச்சிக்குக் குளிரில் மூச்சு அடிக்கடி முட்டியது. நான் சுற்றினேன், மாப்பிள்ளை தட்டினார், எங்கள் பாட்டு எங்கள் வேகத்தில் போனது. கைதட்டல் கிடையாது, அங்கே அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. ஆனால் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

பிறகு ட்ரூப் ஏறியது. முதலில் அறிவிப்பாளன் வந்தான். மினுக்குக் கோட்டு. "இங்க செல்போன் டவர் இருக்குதா, இல்ல புறாவா?" என்று ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை. மரம், குரங்கு, தேன் என்று அவன் கற்பனைக்கு எட்டியதையெல்லாம் சொல்லிப் பார்த்தான். ஜனங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சலித்துப்போய் வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்கு வந்த ஒரே சந்தோஷம் அது.

தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். ட்ரூப்பின் பட்டுப்புடவை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். அது அவளுடையது இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. நானும் மாப்பிள்ளையும் மேடைக்குப் பின்புறம் பக்கவாட்டில் நின்றோம். எங்கள் காலடியில் பிளக் பாயின்ட் அடித்த ஒரு மரப்பலகை, ஜெனரேட்டர் வண்டியிலிருந்து வருகிற தடித்த ஒயர் அதில்தான் சொருகியிருந்தது. அங்கிருந்துதான் மேடைக்கு லைட்டு, சவுண்டு எல்லாம். ட்ராக் ஆரம்பித்தது. பல்லவியை அவள் கணீரென்று எடுத்தாள். முதல் சரணம் மேல் ஸ்தாயிக்குப் போனபோது வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஓனர் மேடை ஓரத்தில் நின்று தலையாட்டினார்.

இடையிசையில் அவள் இடது கை பின்னால் வந்தது. முந்தானையைக் கிள்ளிப் பிடித்தது.

அவளுக்கு நேர் பின்னால் நின்ற கீபோர்டு பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்திருந்தாலும் அவனால் என்ன செய்ய முடியும். ட்ராக் ஓடியது. ரெண்டாவது சரணம் வந்து அவளைத் தாண்டிப் போனது. அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவள் தோள் ரெண்டும் ஏறி இறங்கின. கை இன்னும் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது, விரல் வெளுத்துப்போய். ஓனர், "பாடு, பாடு" என்று கையை வீசினார். அறிவிப்பாளன் இன்னொரு மைக்கோடு ஓட ரெடியானான். மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்தார். "மச்சான்" என்றார்.

நான் குனிந்து ஒயரைப் பிடுங்கினேன்.

மேடை இருண்டது. சத்தம் அறுந்தது. ஜனங்கள் 'ஓ' என்று ஒரு இரைச்சல் போட்டுவிட்டு அடங்கினார்கள். ஓனர் ஜெனரேட்டர்காரரின் அம்மா, அக்கா எல்லாரையும் வரிசையாக இழுத்தார். அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் டார்ச்சோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு விழுந்த திட்டு என்னுடையது, பாவம். மேடை மேலே இருட்டில் மருந்து ஊதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. மூச்சு உள்ளே போய் நிற்கிற சத்தமும் கேட்டது. எத்தனையோ வருஷமாக அதைக் கேட்டே பழகினவன் நான். இப்போது சரணத்துக்குப் போகலாம் என்று எனக்குத் தெரிந்ததும் ஒயரைச் சொருகினேன்.

"மொதல்லேருந்து போடு" என்று ஓனர் கத்தினார்.

மறுபடி பல்லவி. மறுபடி முதல் சரணம். இடையிசை வந்தபோது நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை பின்னால் வரவில்லை. சரணத்தின் கடைசி வரியை நீட்டாமல் பாதியிலேயே வெட்டிவிட்டு, அந்த மிச்ச இடத்தில் மூச்சை எடுத்துக்கொண்டாள். அடுத்த வரியிலும் அப்படியே. ட்ராக் எவ்வளவு தூரம் ஓடும், எங்கே கொஞ்சம் தளரும் என்று முதல் தடவையிலேயே அளந்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. பாட்டு முடிந்தது. கைதட்டும் பழக்கம் இல்லை என்று நான் நினைத்த அந்த ஜனங்கள் தட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்குக் கை எழவில்லை. பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

ஓனர் அவளை அன்றைக்கே ட்ரூப் வேனில் ஏற்றிக்கொண்டார். குட்டியானையில் நானும் மாப்பிள்ளையும் மலை இறங்கினோம். அவர் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வேன்ல ஏசிய கம்மியா வெப்பாங்களா மச்சான்?" நான் வைப்பார்கள் என்றேன். வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது நைனார்பாளையம். எங்கள் பக்கத்து ஊர், பாதிப் பேர் தெரிந்தவர்கள். ஒப்புக்கொண்டபடி முன்னால் நாங்கள்தான் வாசிக்க வேண்டும், பாடகி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பேனரில் தங்கச்சி படம் போட்டிருந்தார்கள். முகத்தை வெளுப்பாக்கி, மூக்குத்தியை எடுத்துவிட்டு, பெயரையும் மாற்றி, கீழே 'சேலம் புகழ்' என்று அடித்திருந்தார்கள். இந்த ஊர்க் காட்டில் மரவள்ளி பிடுங்கியவள் சேலம் புகழ். சிரித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம், "பாருடா இவனுங்க பண்ற கூத்த" என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. சேலத்துக்காரி நல்லா பாடுமாமே என்று என்னையே கேட்டான்.

மாலையில் தங்கச்சி வேனிலிருந்து இறங்கி எங்களைத் தேடி வந்தாள். முகத்தில் பவுடர், கையில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் டீ. மாப்பிள்ளை டீயை வாங்கிக்கொண்டு, அவள் முதுகில் கை வைத்து மூச்சைப் பார்த்துவிட்டு, சாமான் இறக்கப் போனார். அவள் என் பக்கத்தில் நின்றாள்.

"மலயில கரண்ட்ட புடுங்குனது நீதானண்ணா."

"யார் சொன்னா? மாப்ளயா?"

"அவுரு எங்க பேசுறாரு. ஜெனரேட்டரு ஓடிக்கினேதான் இருந்துச்சு. லைட்டு மட்டும் போச்சு. இருட்டுல எனக்கு அந்த சத்தம்தான் கேட்டுக்கினு இருந்துச்சு."

நான் டீயைக் குடித்தேன். அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்தேன். 'போடி, பெரிய இவ' என்கிற மாதிரி ஏதாவது.

"இனிமே அப்படி பண்ணாதண்ணா" என்றாள். "நீ நின்னா நானும் நின்னுடுவேன். எனக்கு அது வேணாம்." சொல்லிவிட்டு என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "ராவுக்கு இருந்து கேட்டுட்டுப் போ. ரெண்டாவது பாட்டு நல்லா வரும்."

வேன் பக்கமாக நடந்து போனாள். ஓனர் மேல், அறிவிப்பாளன் மேல், கமிட்டி மேல், இந்த ஊர் உலகம் மேல் எனக்கு ஒரு நொடியில் வருகிற அந்த இளக்காரத்தை அவள் மேலும் வரவழைத்துப் பார்த்தேன். வரவில்லை. அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு வலித்தது.

மேடையில் மாப்பிள்ளை எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்திருந்தார். பின்னால் கீபோர்டு, பக்கத்தில் பேடு, நடுவில் மைக் ஸ்டாண்டு. பழக்கத்தில் ஸ்டாண்டை அவள் உயரத்துக்கு இறக்கித் திருகி இறுக்கியிருந்தார். நான் போய் உட்கார்ந்தேன். கமிட்டி ஆள் கீழேயிருந்து, "ம், ஆரம்பி" என்றார். மாப்பிள்ளை குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மைக்கையே பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு எழுந்து போய்த் திருகைத் தளர்த்தி, அதை என் வாய் உயரத்துக்கு ஏற்றினேன்.